வடக்கன்குளத்துச் சுவர்



எருசலேமில் கூடிய முதல் கிறிஸ்தவர்களைப் பற்றி எழுதும்போது புனித லூக்கா நான்கு காரியங்களை ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறார். திருத்தூதர்களின் போதனை, நட்புறவு, அப்பம் பிட்குதல், இறைவேண்டல் ஆகியவையே அந்த நான்கு (திப 2:42). இவற்றில் மூன்றை நாம் ஞாயிறுதோறும் பார்க்கிறோம். மறையுரை உண்டு, நற்கருணை உண்டு, செபம் உண்டு. இரண்டாவதாகச் சொல்லப்பட்ட நட்புறவு எங்கே என்று கேட்டால், திருப்பலி முடிந்து வாசலில் நின்று நாலு வார்த்தை பேசுவதைத்தான் காட்டுவோம். அதுவும் நல்லதுதான். ஆனால் லூக்கா சொன்னது அதை அல்ல.

அவர் எழுதிய கிரேக்கச் சொல் கொய்னோனியா. ஒன்றைப் பலர் பொதுவாக வைத்திருப்பது, அதில் ஒவ்வொருவருக்கும் பங்கு இருப்பது என்பது அதன் பொருள். கெனசரேத்து ஏரியில் வலை கிழியும் அளவுக்கு மீன் பட்ட நாளில், யாக்கோபையும் யோவானையும் சீமோனின் பங்காளிகள் என்று குறிப்பிட லூக்கா எடுத்துக்கொண்டதும் இதே வேரிலிருந்து வந்த சொல்தான் (லூக் 5:10). மீன் பட்டாலும் படாவிட்டாலும் அவர்களுக்கு லாபநட்டம் ஒன்று. தமிழில் நம் முன்னோர் ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபைக்குப் 'பங்கு' என்று பெயர் வைத்தார்கள். மறைமாவட்டத்தைப் பிரித்துக் கொடுத்த பகுதி என்ற பொருளில் அப்படி வைத்திருக்கலாம். ஆனாலும் அந்தச் சொல்லுக்குள் கொய்னோனியா அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பிரித்துக்கொள்வதும் பங்குதான், பகிர்ந்துகொள்வதும் பங்குதான். பங்காளி என்ற சொல்லும் அப்படித்தானே? உறவுக்கும் அதே சொல், வரப்புத் தகராறுக்கும் அதே சொல்!

எனவே நம் தலத்திருஅவையின் வரலாற்றில் இந்த நட்புறவு எப்படி முறிந்தது, எப்படி ஒட்டவைக்கப்பட்டது என்பதை இன்று கொஞ்சம் பார்ப்போம். இனிமையான கதை அல்ல. ஆனால் நம்முடைய கதை. அதற்கு முன், இதைவிடப் பழைய ஒரு சுவரிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

எருசலேம் கோவிலின் வெளிமுற்றம் வரை எந்த இனத்தாரும் வரலாம். அதற்குமேல் யூதர் மட்டுமே போகலாம். நடுவில் மூன்று முழ உயரத்தில் ஒரு கல் தடுப்பு இருந்தது என்று யோசேப்பு என்ற யூத வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். தடுப்பில் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் எச்சரிக்கைக் கற்கள் பதிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்றை 1871-ஆம் ஆண்டு கிளெர்மோன்-கன்னோ என்ற பிரெஞ்சு அறிஞர் எருசலேமில் கண்டெடுத்தார். ஏழு வரிக் கல்வெட்டு அது. வேற்றினத்தான் எவனும் இதைத் தாண்டக் கூடாது, தாண்டிப் பிடிபட்டால் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்பது அதன் சாரம். இன்று அந்தக் கல் இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

புனித பவுல் கைதானதே இந்தத் தடுப்பின் பெயரால்தான். எபேசு நகரத்துத் துரோப்பிம் என்ற கிரேக்கரை அவர் உள்ளே கூட்டி வந்துவிட்டார் என்று வதந்தி பரப்பி, கூட்டத்தைத் தூண்டிவிட்டார்கள் (திப 21). அதே எபேசு சபைக்குரிய திருமுகத்தில், கிறிஸ்து தம் உடலில் இரு இனத்தாருக்கும் நடுவே நின்ற தடைச்சுவரைத் தகர்த்தார் என்று படிக்கிறோம் (எபே 2:14). அது வெறும் உவமை அன்று. மூன்று முழம் உயரமுள்ள, எழுத்துப் பொறித்த, ஆளைக் கொல்லக்கூடிய சுவர் ஒன்று எருசலேமில் நின்றிருந்தது. 1871 என்ற அந்த ஆண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

கற்சுவர் இல்லாமலும் சுவர் எழுப்பலாம் என்பதைக் கொரிந்து சபை காட்டியது. கி.பி. 55-ஐ ஒட்டிய காலம். அன்று கோயில் கட்டடம் கிடையாது. வசதியுள்ள ஒருவரின் வீட்டில் மாலையில் கூடுவார்கள். உரோமை வீட்டின் உணவறையில் சாய்ந்து உண்ண ஏறத்தாழ ஒன்பது பேருக்கே இடம் உண்டு. மற்றவர்கள் முற்றத்தில்தான் இருக்க வேண்டும். வீட்டுக்காரரின் நண்பர்கள் வெயில் சாயும்போதே வந்து சாய்ந்துவிடுவார்கள். துறைமுகத்தில் சுமை தூக்கியவரும் அடிமையும் வேலை முடிந்து வரும்போது பானை காலி. ஒருவர் பசித்திருக்க இன்னொருவர் குடித்து மயங்கியிருந்தார் என்று பவுல் வேதனையோடு எழுதுகிறார் (1 கொரி 11).

நம் ஊரில் இதற்குப் பந்தி வஞ்சனை என்று பெயர். உரோமை உலகில் அது வஞ்சனையாகவே தெரியாது, மரியாதை தெரிந்த வீட்டு வழக்கம் அது. இளைய பிளினி என்ற உரோமை அதிகாரி ஒரு விருந்தைப் பற்றி எழுதியிருக்கிறார். வீட்டுக்காரர் தமக்கும் நெருங்கியவருக்கும் ஒரு வகை மது, அடுத்த தரத்தாருக்கு வேறு வகை, கடைசியாக இருந்தவர்களுக்கு மூன்றாம் வகை என்று பரிமாறினாராம். பிளினிக்கே அது பிடிக்கவில்லை, தம் பந்தியில் எல்லோருக்கும் ஒரே மதுதான் என்கிறார். அவர் கிறிஸ்தவர் அல்லர். சொல்லப்போனால், பிற்காலத்தில் பித்தினியா நாட்டு ஆளுநராக இருந்து கிறிஸ்தவர்களை விசாரித்துத் தண்டித்தவரே அவர். அவருக்கு உறுத்திய காரியம் கொரிந்து விசுவாசிகளுக்கு உறுத்தவில்லை.

பவுல் இதை நாகரிகக் குறைவு என்று கண்டித்து விட்டுவிடவில்லை. நீங்கள் உண்பது ஆண்டவரின் திருவிருந்தே இல்லை என்கிறார். திருப்பலியின் வசனங்கள் சரியாகச் சொல்லப்பட்டிருக்கலாம், அப்பம் பிட்கப்பட்டிருக்கலாம். பக்கத்தில் இருப்பவரை ஆண்டவரின் உடலாக உணராதபோது அந்த விருந்து தீர்ப்பாக மாறுகிறது. குருமடத்தில் நற்கருணை இறையியல் படித்த நாள்களில் இந்த அதிகாரத்தைப் பெரும்பாலும் திருவுடல் மெய்ப்பிரசன்னத்துக்கு ஆதாரமாகவே நாம் படித்தோம். அதற்கு ஆதாரம்தான், சந்தேகமில்லை. ஆனால் பவுல் அதை எழுத நேர்ந்தது பந்தித் தகராறு ஒன்றினால்தான். அந்தியோக்கியாவில் பேதுருவே பிற இனத்தாரோடு ஒரே பந்தியில் உண்டுவிட்டு, யாக்கோபின் ஆள்கள் வந்ததும் எழுந்து விலகியபோது, பவுல் எல்லோர் முன்பும் அவரை எதிர்த்து நின்றார் (கலா 2). அதுவும் பந்தியைப் பற்றியதே.

இனி நம் தமிழகத்துக்கு வருவோம்.

1606-இல் தத்துவப் போதகர் என்று நாம் அழைக்கும் இராபர்ட் தெ நொபிலி சுவாமி மதுரைக்கு வந்தார். அன்று நற்செய்தி பரங்கி மார்க்கம் என்று ஒதுக்கப்பட்டிருந்தது. மாட்டிறைச்சி உண்பவர்களின், மதுக் குடிப்பவர்களின் மதம் என்ற அவப்பெயர் அதற்கு. அவர் காவி உடுத்தி, சைவ உணவு உண்டு, சமஸ்கிருதமும் தமிழும் கற்று, உயர்சாதியார் காதில் விழும்படி கிறிஸ்துவைப் பேசினார். அவர் செய்த தமிழ்த்தொண்டுக்கும் துணிச்சலுக்கும் நாம் தலைவணங்குகிறோம். ஆனால் அந்த வழிமுறைக்கு ஒரு விலை இருந்தது. உயர்சாதியாரோடு பழகும் குரு மற்றவர்களோடு பகிரங்கமாகப் பழக முடியவில்லை. ஆகவே 1640 அளவில் பண்டாரசுவாமிகள் என்ற இன்னொரு வகைக் குருக்கள் மற்ற மக்களுக்கென ஏற்பட்டார்கள். ஒரே சபைக் குருக்கள், ஒரே திருப்பலி, ஆனால் வழியில் எதிர்ப்பட்டால் ஒருவரையொருவர் தெரியாதவர்போல் விலகிப்போக வேண்டிய நிலை. நற்செய்திக்கு வாசல் திறக்கச் செய்த ஏற்பாடு, உள்ளே வந்தவர்களைத் தனித்தனி அறையில் உட்கார வைத்தது.

உரோமையில் இது நூறு ஆண்டுக்கு மேல் விவாதமாக நடந்தது. 1744-இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட், தாழ்த்தப்பட்டோரின் வீட்டுக்குள் சென்று நோயாளிகளுக்குத் திருவருட்சாதனங்கள் கொடுக்கவேண்டும் என்று மறைப்பணியாளர்களைக் கட்டாயப்படுத்தினார். நடைமுறையில் என்ன நடந்தது? அம்மக்களுக்கென்றே சில குருக்களைத் தனியாக ஒதுக்கினார்கள். உத்தரவும் நிறைவேறியது, பழைய பிரிவும் தொடர்ந்தது. இப்படிப்பட்ட சாமர்த்தியம் நம் திருஅவை நிர்வாகத்தில் இன்றும் அற்றுப்போய்விட்டது என்று யாரும் சாதிக்க முடியாது.

அடுத்த ஆண்டு, 1745, நம் வரலாற்றில் ஒரு விசேஷமான ஆண்டு. புதுச்சேரியில் சம்பா கோயில் என்று மக்கள் அழைத்த ஆலயத்துக்குள் தாழ்த்தப்பட்டோரை மற்றவர்களிடமிருந்து பிரிக்க ஒரு சுவர் இருந்தது. அந்த ஆண்டு அக்டோபர் மாதம் அம்மக்கள் குருக்களிடம் சென்று முறையிட்டார்கள். நாங்களும் கிறிஸ்தவர்கள்தானே என்பதே அவர்களுடைய வாதம். சுவர் அகற்றப்பட்டது. உடனே சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்து குருக்களோடு வாக்குவாதம் செய்தார்கள். இதை நமக்கு எழுதி வைத்துவிட்டுப் போனவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவர் கிறிஸ்தவர் அல்லர். நம் வீட்டுச் சண்டையை அடுத்த வீட்டுக்காரர் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

அதே 1745-இல், மே 14-ஆம் தேதி, திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில் உள்ள வடக்கன்குளத்தில் ஒரு திருமுழுக்கு நடந்தது. திருமுழுக்குப் பெற்றவர் நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பிறகு அதே அரசின் படைத்தலைவராகிவிட்ட தெ லனாய் என்ற டச்சுக்காரரிடமிருந்து யோபுவின் கதையைக் கேட்டு மனம் மாறியவர். திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே இருந்த வடக்கன்குளத்துக்கு வந்து, இயேசு சபைக் குரு புத்தாரி சுவாமியிடம் திருமுழுக்குப் பெற்று, லாசர் என்ற பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் ஆனார். அவருடைய மனைவி பார்கவியும் அவ்வூரிலேயே திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார்.

தேவசகாயம் தண்டிக்கப்பட்டது மதம் மாறியதற்காக மட்டும் அல்ல. மதம் மாறியவர்கள் அரண்மனையில் வேறு பலரும் இருந்திருக்க முடியும். தெ லனாயே கத்தோலிக்கர்தான். தேவசகாயம் செய்த பெரிய குற்றம் சாதி பாராமல் எல்லோரும் சமம் என்று போதித்தது, அப்படியே பழகியது. மேல்சாதியாரின் வெறுப்பைத் தூண்டியது இதுதான் என்பதைத் திருஅவை வெளியிட்ட அவருடைய வாழ்க்கைக் குறிப்பே தெளிவாகச் சொல்கிறது. 1749 பிப்ரவரியில் கைதாகி, மூன்று ஆண்டு சித்திரவதை அனுபவித்து, 1752 ஜனவரி 14-ஆம் தேதி ஆரல்வாய்மொழி காட்டாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கூடி உண்பதும் கூடி இருப்பதும் உயிரை விடத்தக்க காரியமா என்று கேட்பவர்களுக்கு அந்தப் பாறை இருக்கிறது.

அவர் தலையில் தண்ணீர் ஊற்றப்பட்ட அந்த ஊரில்தான் பிறகு இது நடந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வடக்கன்குளம் பெரிய பங்காக வளர்ந்திருந்தது. நாடார் கிறிஸ்தவர்கள் எண்ணிக்கையில் மிகுதி, உழைப்பாலும் வியாபாரத்தாலும் மேலே வந்துகொண்டிருந்தவர்கள். வேளாளக் கிறிஸ்தவர்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் கோயில் காரியங்களில் முன்னுரிமையைப் பழைய பாத்தியதையாகக் கருதியவர்கள். கோயிலுக்குள் யார் எங்கே உட்காருவது என்பதில் தொடங்கிய பூசல் தீரவே இல்லை. புதிய கோயில் எழும்பியபோது அதைக் கட்டிய குருக்கள் ஒரு சமரசம் கண்டுபிடித்தார்கள். 1872-இல் அந்த ஆலயம் இரண்டு நீண்ட கைகளோடு எழுந்தது. இரண்டு கைகளும் பலிபீடத்தில் வந்து கூடும். நடுவே சுவர். ஒரு கையில் ஒரு சாதியார், மறு கையில் மற்றவர்கள். கால்சட்டையின் இரு கால்களைப் போல இருந்ததால் அந்த வடிவத்தை வைத்தே கோயிலுக்குக் கேலிப்பெயரும் வந்தது. எருசலேம் தடுப்புச்சுவரின் கல் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்த மறு ஆண்டு நாம் நம் கோயிலுக்குள் சுவர் வைத்தோம்.

அந்தக் கட்டடத்தை மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள். பலிபீடத்தில் நிற்கும் குருவுக்கு இரண்டு பக்கமும் தெரியும். மக்களுக்குப் பலிபீடம் தெரியும், அடுத்த பக்கத்து மக்கள் தெரியமாட்டார்கள். நற்கருணைப் பேழை ஒன்று, எழுந்தேற்றம் ஒன்று, மணியோசை ஒன்று. அதே மணியோசைக்கு முழந்தாளிடும் அண்டை வீட்டாரின் முகம் மட்டும் மறைக்கப்பட்டிருந்தது. கடவுளை நோக்கிய பக்கம் திறந்தும், சகோதரரை நோக்கிய பக்கம் அடைத்தும் ஒரு கோயிலைக் கட்ட முடியும் என்று செங்கலால் எழுதிக் காட்டிவிட்டார்கள். இதைவிடத் துல்லியமாகக் கொரிந்து சபையின் நோயை எந்த ஓவியரும் வரைந்திருக்க முடியாது.

அந்தக் குருக்களைக் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. சமாதானத்துக்காகத்தான் செய்தார்கள். சண்டை நடக்கும் பங்கில் பூசை வைக்க முடியாது, கோர்ட்டு கச்சேரி என்று அலைய வேண்டும், ஒரு தரப்பு வேறு சபைக்குப் போய்விடும் என்ற அச்சமும் இருக்கும். பங்குக் குருவாக இருப்பவர்களுக்கு இந்த நெருக்கடி புரியும். ஆனால் சமாதானத்துக்காக எழுப்பிய சுவர் சண்டையைத் தீர்த்ததா? இல்லை. பகையை நிலையாக வைத்துப் பராமரிக்க ஒரு கட்டடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

முப்பத்தெட்டு ஆண்டுகள் அந்தச் சுவர் நின்றது. யோவான் நற்செய்தியில் பெத்சதா குளத்தருகே ஒருவர் முப்பத்தெட்டு ஆண்டு உடல்நலமற்றுக் கிடந்ததை வாசிக்கிறோம். நலம்பெற விரும்புகிறாயா என்று ஆண்டவர் கேட்டபோது அவர் விரும்புகிறேன் என்று சொல்லவில்லை. என்னை இறக்கிவிட ஆள் இல்லை, எனக்கு முன்னே வேறொருவர் இறங்கிவிடுகிறார் என்றுதான் விளக்கம் சொன்னார். நம் குளத்திலும் இதே விளக்கம்தான் முப்பத்தெட்டு ஆண்டு ஓடியது. காலம் கனியவில்லை, மக்கள் பக்குவப்படவில்லை, அவர்கள் முதலில் மாறட்டும்.

1910-இல் அங்கே பங்குப் பொறுப்பில் இருந்தவர் அதிரியான் கௌசானல் சுவாமி. பிரான்சு நாட்டு இயேசு சபைக் குரு. பாளையங்கோட்டையில் 1903-இல் இயேசுவின் திரு இருதய சகோதரர் சபையை நிறுவியவரும் அவரே. திருச்சி ஆயரின் அதிகாரத்தோடு அவர் சுவரை இடித்தார். (இன்று வடக்கன்குளம் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் இருக்கிறது, அன்று திருச்சியில்.) எதிர்பார்த்ததுபோலவே வழக்கு வந்தது. கோயிலின் ஒரு பகுதி தங்களுக்கே உரியது, பழைய பிரிவை மீண்டும் ஏற்படுத்தித்தர வேண்டும் என்பது வழக்குத் தொடுத்தவர்களின் கோரிக்கை. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. மைக்கேல் பிள்ளை எதிர் ஆயர் பார்த் என்ற பெயரில் 1917-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இன்றும் அதைச் சட்ட மாணவர்கள் பார்க்கலாம். கோரிக்கை ஏற்கப்படவில்லை. கிறிஸ்தவராகிவிட்ட பிறகு இன்னொரு கிறிஸ்தவர் அருகில் இருந்தால் தீட்டு என்று நீதிமன்றத்தில் உரிமை கோர முடியாது, கோயிலுக்குள் இருக்கும் ஒழுங்கு ஆயரின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதே அதன் போக்கு.

அரசு நீதிமன்றத்து நீதிபதிகள் சொல்லித்தான் இது நமக்குத் தெரிய வேண்டியிருந்தது! விசுவாசிகள் தங்கள் வழக்குகளைப் பிறர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவதைக் கண்டு வெட்கப்பட்ட பவுல் (1 கொரி 6), இந்த வழக்கைக் கண்டிருந்தால் என்ன எழுதியிருப்பாரோ.

சுவர் போனது. வழக்கும் முடிந்தது. ஆனால் தீர்ப்பினால் சுவரை எடுக்க முடியும், நட்புறவை உண்டாக்க முடியாது. அருகருகே உட்கார்ந்தவர்கள் ஒரே பந்தியில் உட்கார, ஒரே கல்லறைத் தோட்டத்தில் படுக்க, எத்தனை தலைமுறை ஆயிற்று, இன்னும் எத்தனை ஆகும் என்பதை நம்முடைய மறைமாவட்டங்கள் பலவும் அறியும். இதை வடக்கன்குளத்தாருக்கு மட்டும் உரிய கதையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களாவது சுவரைக் கண்ணுக்குத் தெரியும்படி கட்டினார்கள், இடித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத சுவரை எந்தக் கடப்பாரையால் இடிப்பது?

1982-இல் இந்திய ஆயர்கள் திருச்சியில் கூடியபோது, சாதிக்கும் சாதி மனப்பான்மைக்கும் கிறிஸ்தவத்தில் இடமில்லை, அது கிறிஸ்தவத்தை மறுதலிப்பதே என்று அறிவித்தார்கள். 2003 நவம்பரில் உரோமைக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம் புனித இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவரிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல் இருந்தாலும் அது நற்செய்திப் பணிக்கே முட்டுக்கட்டை என்று எடுத்துச் சொன்னார். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர்களுக்கு மறுக்கப்பட்ட உரிமையைக் கேட்டு ஆண்டுதோறும் ஆகஸ்டு 10-ஆம் நாளைக் கறுப்பு நாளாக அனுசரிக்கிறோம். கறுப்புப் பட்டை அணிகிறோம், கறுப்புக் கொடி ஏற்றுகிறோம். செய்யத்தான் வேண்டும், அரசின் அநீதி அநீதிதான். ஆனால் ஆகஸ்டு 15-இல் அன்னையின் விண்ணேற்பு விழா வருகிறது. ஐந்தே நாளில் கறுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, தேர் எந்தத் தெரு வழியாகப் போகும், எந்தத் தெருவுக்குப் போகாது, வடத்தை யார் பிடிப்பது என்று கூட்டம் போடும் பங்குகள் தமிழகத்தில் இல்லையா?

நம் அன்பியங்களையே எடுத்துக்கொள்வோம். பெரிய பங்கில் ஒருவரையொருவர் தெரியாமல் போகிறது என்றுதான் முப்பது, நாற்பது குடும்பங்களாகப் பிரித்து அன்பியம் அமைத்தோம். லூக்கா சொன்ன நான்கு காரியங்களும் வீட்டுத் திண்ணையில் நடக்க வேண்டும் என்பதே நோக்கம். பிரிக்கும்போது வசதிக்காகத் தெருவாரியாகப் பிரித்தோம். நம் ஊர்களில் தெரு என்பது என்ன என்று நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெருவாரியாகப் பிரித்தால் பல இடங்களில் அது சாதிவாரியாகத்தான் அமையும். அங்கே செபம் நன்றாக நடக்கிறது, நற்செய்திப் பகிர்வும் நடக்கிறது, நோயாளிகளைச் சந்திக்கிறார்கள், துக்க வீட்டுக்குப் போகிறார்கள். எல்லாம் தங்களுக்குள். யார் மீதும் தவறு சொல்ல முடியாதபடி, வரைபடம் வைத்து ஒழுங்காக, கால்சட்டைக் கோயிலை மறுபடியும் கட்டியிருக்கிறோம். சுவருக்குப் பதில் தெருமுனை.

இதற்குப் பெரிய திட்டம் ஒன்றும் தேவையில்லை. மாதம் ஒருமுறை இரண்டு அன்பியங்கள் சேர்ந்து ஒரு வீட்டில் கூடலாம். கூடும் வீடு மாறிமாறி வரட்டும். எல்லா முறையும் மேலத்தெருவில் கூடிவிட்டுக் கீழத்தெருவாரை வரச்சொல்வது பாதி வழிதான். செபம் முடிந்து கொடுக்கும் தேநீரை வீட்டிலுள்ள டம்ளரிலேயே கொடுக்க வேண்டும். காகிதக் கப் வசதியானதுதான், ஆனால் யார் வீட்டுக்கு வரும்போது அது வாங்கப்படுகிறது என்பதைக் கவனித்துப் பாருங்கள். திருவிழா அசனத்தில் சமையல் பொறுப்பும் பரிமாறும் பொறுப்பும் எப்போதும் ஒரே தெருவாரிடம் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். பவுல் கேட்ட கேள்வி அதுதான். தலைக்கட்டு வரி எல்லாக் குடும்பத்தாரிடமும் சமமாக வாங்குகிறோம், பொறுப்புகளும் அப்படியே போகிறதா என்று பங்குப் பேரவையில் ஒருமுறை கணக்குப் பார்த்தால் போதும். கொய்னோனியா என்பது லாபநட்டக் கணக்குத்தான் என்று தொடக்கத்தில் பார்த்தோம் அல்லவா?

மரணம் வரும்போது இன்னும் தெளிவாகத் தெரியும். திருமணத்துக்கு அழைப்பிதழ் வேண்டும், சாவுக்கு வேண்டாம். ஒரு பங்கில் நட்புறவு இருக்கிறதா என்று அறிய விரும்பினால், சாவு வீட்டு வாசலில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், பெட்டியை யார் தூக்குகிறார்கள், குழி எந்தப் பக்கம் வெட்டப்படுகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். முதல் நூற்றாண்டுகளில் கிறிஸ்தவர்கள் தங்கள் ஏழைகளை அடக்கம் செய்வதைப் பொதுச் செலவாக வைத்திருந்தார்கள். கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன், விருப்பமுள்ளவர் மாதம் ஒருமுறை போடும் காணிக்கை எதற்குப் போகிறது என்று கி.பி. 200-ஐ ஒட்டி எழுதியபோது, ஏழைகளுக்கு உணவளிக்கவும் அவர்களை அடக்கம் செய்யவும் என்று சேர்த்தே குறிப்பிட்டார். உரோமையின் சுரங்கக் கல்லறைகளில் ஆயர்களும் அடிமைகளும் ஒரே மண்ணில் இருக்கிறார்கள். திருஅவைக்கு நிலவுரிமை ஏறக்குறைய இல்லாதிருந்த அந்தக் காலத்தில் இது முடிந்தது.

இறுதியாக ஒரு செய்தி. 2012 டிசம்பர் 2-ஆம் நாள் நாகர்கோவிலில் தேவசகாயம் அருளாளராக உயர்த்தப்பட்டபோது அவருடைய சாதிப் பட்டமும் பெயரோடு சேர்த்தே வழங்கப்பட்டு வந்தது. சாதி ஒழிய வேண்டும் என்று போதித்துச் செத்தவரின் பெயருக்குப் பின்னால் சாதியை ஒட்டிவைப்பது முறையா என்று பொதுநிலையினர் சிலர் உரோமைக்கு எழுதிக் கேட்டார்கள். குருக்களோ ஆயர்களோ முதலில் கேட்டார்கள் என்று சொல்ல ஆசைதான்! உரோமை அந்த வேண்டுகோளை ஏற்றது. 2022 மே 15, ஞாயிற்றுக்கிழமை, புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் பத்துப் பேரைப் புனிதராக அறிவித்தார். அந்தப் பட்டியலில் நம் மண்ணின் பொதுநிலையினர் ஒருவர் இருந்தார். வடக்கன்குளத்தில் புத்தாரி சுவாமி தண்ணீர் ஊற்றியபோது சொன்ன பெயர் மட்டுமே அன்று வாசிக்கப்பட்டது. தேவசகாயம். அதற்குப் பின்னால் வேறு எதுவும் இல்லை.